பழைய இடுகைக்கு வழி எது?

தமிழில் வலைத்தளம் நடத்துகிற யாரிடம் பேசினாலும், கூகுளில் மேலே வருவது பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் பேக்லிங்க் பக்கம் போய்விடும். வெளியில் இருந்து யாராவது நமக்கு இணைப்பு தர வேண்டும். சரி, யார் தருவார்கள்? ஒரு காலத்தில் தமிழ்மணம், தேன்கூடு, இன்ட்லி என்று, பலருடைய பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டிகள் இருந்தன. இடுகையை எழுதி முடித்த கையோடு அங்கே சேர்த்துவிடலாம். பதிவர்களும் தங்கள் தளத்தின் ஓரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். இன்று அந்தப் பேச்செல்லாம் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸப்புக்கும் குடிபோய்விட்டது. வாட்ஸப் குழுவில் நூறு பேர் பகிர்ந்தாலும் கூகுளுக்கு அது தெரியப்போவதில்லை.

மிச்சம் இருப்பது, நம் தளத்தின் ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்கு நாமே கொடுக்கும் இணைப்பு. உள் இணைப்பு. இதற்குக் காசு வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். அப்படியும் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. வலைத்தள வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. சின்னத் தமிழ்த் தளம் ஒன்று கைக்கு வந்தால் தொடக்கத்தில் நான் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான். அதைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டவர்கள் உண்டு.

ஒரு தளத்தை வைத்தே சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம், வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நான் சார் என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் பல வருடமாக எழுதுகிறார், பெரும்பாலும் தென்னை. காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு, ஈரியோஃபைட் சிலந்தி, தஞ்சாவூர் வாடல் நோய் என்று அவர் தொடாத தொல்லை இல்லை. 2016-ல் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சித் தோப்புகளில் வந்து இறங்கியபோது, ஓலையின் அடிப்புறத்தில் அது இட்டுவைக்கும் வெள்ளைச் சுருள்களைப் படம் பிடித்துப் போட்டவர். தோப்புக்குள் நின்றவர் எழுதிய எழுத்து அது.

"தம்பி, அந்த வெள்ளை ஈ கட்டுரை நான் எழுதுனதுங்க. எனக்கே கூகுள்ல கிடைக்க மாட்டேங்குது" என்றார்.

"அந்தக் கட்டுரைக்கு உங்க சைட்லயே எங்கிருந்து சார் போறது?"

"முகப்புல பழைய இடுகைகள்னு ஒண்ணு இருக்குதுங்களே, அதை அமுத்திட்டே போனா வந்துருமுங்க."

பிளாக்கரில் அந்த "பழைய இடுகைகள்" இணைப்பை அழுத்தினால் உலாவியின் முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். தளத்தின் பெயருக்கு அடுத்து "சர்ச்" என்ற சொல் வரும். இடுகையை வகைப்படுத்தப் போடும் லேபிளை அழுத்தினாலும் அதே சர்ச். ஒரு பிளாக்கர் தளம் தானாக வைத்துக்கொள்ளும் ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில், அப்படி சர்ச் என்று வரும் எந்த முகவரிக்குள்ளும் தேடுபொறிகள் வரவேண்டாம் என்ற ஒரு வரி இருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஒரே இடுகை பத்து லேபிள் பக்கங்களில் திரும்பத் திரும்பத் தெரிவதை கூகுள் ஏன் படிக்க வேண்டும்? ஆனால் அதன் பலன் என்ன? சார் ஒவ்வொரு இடுகைக்கும் கவனமாகப் போட்ட லேபிள்கள் வாசகருக்கு வழி, கூகுளுக்குச் சுவர். முகப்பில் இருந்து பழைய இடுகைகளுக்குப் போகும் பாதையும் அதே சுவரில்தான் முட்டுகிறது.

அப்படியென்றால் கூகுள் பழைய இடுகைக்கு எப்படித்தான் போகும்? ஓரத்தில் மாதவாரியான காப்பகப் பெட்டி இருந்தால் அதன் வழியே போகலாம். அழகான வார்ப்புரு (தளத்தின் தோற்ற அமைப்பு) ஒன்றை எங்கிருந்தோ இறக்கிப் போடும்போது பலர் தூக்கி எறிவது அந்தப் பெட்டியைத்தான். சாரின் தளத்திலும் அது இல்லை. அப்புறம், இடுகையின் அடியில் அதற்கு முந்தைய இடுகை, பிந்தைய இடுகை என்று இரண்டு இணைப்புகள் வரும். அவை நேராக இடுகைக்கே போகும், சுவர் இல்லை. ஆனால் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி அது. சில வருடத்துக்கு முந்தைய இடுகையைத் தொட நூற்றுக்கணக்கான தாவல்கள் வேண்டும். தளவரைபடம், அதாவது சைட்மேப், இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் உள்ள முகவரிகளை கூகுள் தெரிந்துகொள்ளும். ஆனால் எது முக்கியம், எது எதோடு சேர்ந்தது என்று தளவரைபடம் சொல்லாது. தளம் நடத்துகிறவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் "கண்டறியப்பட்டது, தற்போது அட்டவணையில் இல்லை" (தேடலில் காட்ட கூகுள் எடுத்துவைக்கும் பட்டியல்தான் அட்டவணை) என்ற தலைப்பில் குவிந்துகிடக்கும் முகவரிகளைத் திறந்து பாருங்கள். தளவரைபடத்தில் மட்டும் இருந்து, வேறு எங்கிருந்தும் இணைப்பு இல்லாத பக்கங்கள் அங்கே நிறையக் கிடைக்கும்.

இதன் வேர் பழையது. 1998-ல் ஸ்டான்ஃபோர்டில், கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு கற்பனை ஆசாமி வருகிறார். ஏதோ ஒரு பக்கத்தில் நிற்கிறார். அதில் உள்ள இணைப்புகளில் கைக்கு வந்த ஒன்றை அழுத்துகிறார். போன இடத்திலும் அதையே செய்கிறார். அவ்வப்போது சலித்துப்போய் சம்பந்தமே இல்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவுகிறார். சலிக்காமல் தொடர்ந்து அழுத்தும் வாய்ப்பை வழக்கமாக 0.85 என்று வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். இப்படி முடிவில்லாமல் சுற்றினால் அவர் ஒரு பக்கத்தில் இருக்கும் வாய்ப்பு எவ்வளவோ, அதுதான் அந்தப் பக்கத்தின் பேஜ்ரேங்க். இந்தக் கணக்கில் உள் இணைப்பு, வெளி இணைப்பு என்ற பேதமே கிடையாது. பக்கத்தில் பத்து இணைப்பு இருந்தால் அதன் மதிப்பு பத்தாகப் பிரிந்து போகும். அறுபது இருந்தால் அறுபதாக.

ஓரப்பட்டையில் லேபிள் மேகம், நாட்காட்டி, "பிரபலமான இடுகைகள்", நண்பர்கள் பட்டியல், தினம் ஒரு குறள் என்று அடுக்கி வைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

பின்னால் அந்த ஆசாமிக்குக் கொஞ்சம் விவரம் வந்தது. 2004-ல் கூகுள் விண்ணப்பித்து 2010-ல் பெற்ற ஒரு காப்புரிமையில், அவர் எல்லா இணைப்பையும் சமமாக அழுத்துவதில்லை. கட்டுரையின் நடுவில், பேசும் பொருளோடு ஒட்டி, கண்ணில் படும்படி இருக்கும் இணைப்பை அழுத்தும் வாய்ப்பு கூட. அடியில் கிடக்கும் விதிமுறைகள் பக்கத்தின் இணைப்புக்குக் குறைவு. காப்புரிமையில் இருப்பதெல்லாம் அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் எனக்கு இது போதும். ஒரு மனிதர் அழுத்தக்கூடிய இணைப்பு எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று இதை விடத் தெளிவாக யாரும் சொல்லப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். 2005-ல் கூகுளும் யாஹூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து நோஃபாலோ என்ற குறியைக் கொண்டுவந்தன. இந்த இணைப்புக்கு மதிப்பு தராதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. கருத்துப் பெட்டிகளில் குப்பை இணைப்பு போடுகிறவர்களுக்காக வந்தது அது. நம்மவர்கள் அதைத் தங்கள் தளத்துக்குள்ளேயே போட ஆரம்பித்தார்கள். "தொடர்புக்கு" பக்கத்துக்கு நோஃபாலோ போட்டால் அதற்குப் போகும் மதிப்பு மிச்சமாகி மற்றப் பக்கங்களுக்குக் கூடுதலாகப் போகும் என்ற கணக்கு. 2009-ல் கூகுளின் பொறியாளர் மேட் கட்ஸ், அப்படி எதுவும் மிச்சமாகாது, நோஃபாலோ போட்ட இணைப்பின் பங்கு வீணாகத்தான் போகும் என்று பகிரங்கமாகச் சொன்னார். இன்றும் சில யூடியூப் பாடங்களில் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடந்து போய்விடுங்கள்.

சரி, சாரின் தளத்துக்கு வருவோம். சர்ச் கன்சோலில் "இணைப்புகள்" என்ற அறிக்கையைத் திறந்தால், உள்ளிருந்து அதிக இணைப்பு பெற்ற பக்கங்களின் பட்டியல் கிடைக்கும். எந்தத் தமிழ்த் தளத்தைத் திறந்தாலும், முகப்பை விட்டால் முதலில் நிற்பது பெரும்பாலும் "என்னைப் பற்றி"தான். வார்ப்புருவின் தலையில் உட்கார்ந்திருப்பதால் எல்லாப் பக்கமும் அதற்கு இணைப்பு தருகிறது. சாரின் தளத்திலும் அப்படியே. தளத்திலேயே பெரிய ஆள் சாரின் வாழ்க்கைக் குறிப்பு. வெள்ளை ஈ பட்டியலில் எங்கோ கீழே.

வேலையை எங்கே தொடங்குவது? நான் விக்கிப்பீடியாவில் இருந்து கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரையிலும் "இப்பக்கத்தை இணைத்தவை" என்று ஒரு வசதி இருக்கும். அழுத்தினால் அந்தக் கட்டுரைக்கு எங்கெங்கிருந்து இணைப்பு வருகிறது என்று காட்டும். நாம் எப்போதும் பார்ப்பது, இந்தப் பக்கத்தில் இருந்து எங்கே போகலாம் என்பதை. இது தலைகீழ். இங்கே வர எத்தனை வழி இருக்கிறது? முக்கியமான பக்கத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியில் இருந்து தொடங்கினால் வேலை பாதி முடிந்த மாதிரி.

பிளாக்கரில் அந்த வசதி இல்லை என்பதால் கூகுளையே பயன்படுத்தினோம். தேடல் பெட்டியில் சைட் என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரி, அப்புறம் "வெள்ளை ஈ". தளத்துக்குள் அந்தச் சொல் வருகிற, கூகுளின் அட்டவணையில் உள்ள பக்கங்கள் வந்துவிடும். "வெள்ளை ஈக்கள்" என்று ஒருமுறை, "வெள்ளைஈ" என்று சேர்த்து ஒருமுறை. கரும்பூசணம் பற்றிய இடுகை, மஞ்சள் ஒட்டுப் பொறி பற்றிய இடுகை, வேப்பெண்ணெய்க் கரைசல் எப்படிக் கலப்பது என்ற இடுகை, என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி பற்றிய இடுகை எல்லாவற்றிலும் வெள்ளை ஈ வந்தது. ஒன்றில்கூட இணைப்பு இல்லை. கரும்பூசணம் எங்கிருந்து வருகிறது? வெள்ளை ஈ கழிக்கும் தேன் போன்ற கழிவு ஓலை மேல் சொட்டி, அதன் மேல்தான் அந்தப் பூசணம் படர்கிறது. அதைப் படிக்கிற விவசாயிக்கு அடுத்து வேண்டியது வெள்ளை ஈ. அந்த வாக்கியத்திலேயே வழி இருக்க வேண்டாமா?

சாருக்கு இது உடனே புரிந்தது. தோப்பில் எது எதோடு தொடர்புடையது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன? பிடிபடாமல் போனது இணைப்பின் சொற்கள். அவர் வழக்கமாக எழுதும் வாக்கியம் இப்படி இருக்கும்:

"காண்டாமிருக வண்டு தாக்கிய மரத்தில் வேறு பூச்சிகளும் வர வாய்ப்புண்டு. மேலும் அறிய இங்கே சொடுக்கவும்."

"இங்கே" என்ற சொல்லில் இணைப்பு. இந்த "இங்கே" எங்கே கூட்டிப்போகிறது என்று கூகுளுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. இணைப்பாக இருக்கும் சொற்களைத்தான், போய்ச்சேரும் பக்கத்தின் விவரமாக கூகுள் தொடக்கத்தில் இருந்தே எடுத்துக்கொள்கிறது. 2003-ல் ஒரு கூட்டம் சேர்ந்து "படுதோல்வி" என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்கள் இல்லாமலேயே, அவற்றைத் தேடினால் அவர் பக்கம் முதலில் வந்தது. கூகுள் 2007 தொடக்கத்தில்தான் அதைச் சரிசெய்தது. "இங்கே சொடுக்கவும்" என்பதை ஆங்கிலத்தில் தேடினால் பல காலம் அடோபி ரீடரைத் தரவிறக்கும் பக்கம் முன்னால் நின்றதும் இதே காரணத்தால்தான். உலகமே அந்த மென்பொருளுக்கு அந்தச் சொற்களால் இணைப்பு கொடுத்திருந்தது.

சாரும் நானும் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை மாற்றினோம்:

"காண்டாமிருக வண்டு குடைந்த காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு நுழைந்து முட்டை வைக்கும். தண்டில் ஓட்டை, அதில் இருந்து வடியும் பழுப்புச் சாறு, காதை வைத்தால் உள்ளே புழு மெல்லும் சத்தம் ஆகியவை சிவப்புக் கூன்வண்டின் அறிகுறிகள்."

கடைசி மூன்று சொற்களில் இணைப்பு. "மேலும் அறிய" போய்விட்டது, வாக்கியமும் முன்பை விட உருப்படியாக இருக்கிறது. இணைப்பு வைக்க இடம் தேடப் போனால் பல நேரம் இப்படித்தான் நடக்கிறது. பூசி மெழுகிய வாக்கியத்தில் இணைப்பு நிற்காது. "வேறு பூச்சிகளும்" என்று எழுதிய இடத்தில் எந்தப் பூச்சி என்று சொல்லியே ஆக வேண்டி வருகிறது.

இதே இணைப்பை மற்ற இடுகைகளில் வைத்தபோது அச்சடித்த மாதிரி அதே சொற்களை வைக்கவில்லை. ஓரிடத்தில் "சிகப்பு கூன் வண்டு" என்று இருந்தது, விட்டுவிட்டோம். மக்கள் அப்படியும் தேடுகிறார்கள். வேற்றுமை உருபு ஒட்டி "கூன்வண்டுக்கு", "கூன்வண்டால்" என்று வந்தால் உருபையும் சேர்த்தே இணைத்தோம். சொல்லைப் பாதியில் வெட்டி நீல நிறம் போடுவது கண்ணை உறுத்துகிறது.

தளத்தில் கூடுதல் வசதிக்காகப் பொருத்தும் சின்ன நிரல்களான சொருகிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாக்கர் மாதிரியே தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ்ஸில் "தென்னை" என்று கொடுத்துவிட்டால் தளம் முழுக்க வரும் ஒவ்வொரு தென்னையையும் இணைப்பாக்கிவிடும் சொருகிகள் கிடைக்கின்றன. தென்னை பற்றிய தளத்தில் அதைச் செய்தால் பத்திக்கு நாலு இடம் நீலமாகும், ஒன்றைக்கூட யாரும் அழுத்த மாட்டார்கள். செய்தித் தளங்களின் "இதையும் படிங்க" பெட்டி இன்னொரு ரகம். மேட்டூர் அணை நீர்மட்டம் பற்றிப் படித்துக்கொண்டிருப்பீர்கள், மூன்றாவது பத்திக்கு அடியில் ஒரு நடிகையின் திருமணம் வந்து நிற்கும். யாருக்கு எதைக் காட்டுகிறோம் என்று யாரும் யோசிக்காமல் இயந்திரம் வைத்த இணைப்பு அது.

அடுத்தது தென்னைக்கு என்று ஒரு தனிப் பக்கம். பிளாக்கரில் இடுகை வேறு, பக்கம் வேறு. பக்கத்தை மேல் பட்டையில் நிரந்தரமாக வைக்கலாம், சர்ச் சுவரும் குறுக்கே வராது. முதலில் சார் தலைப்புகளை வரிசையாகப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். அதை விட்டுவிட்டு, தோப்புக்குள் நிற்கும் ஒருவர் கண்ணால் பார்ப்பதை வைத்து எழுதச் சொன்னேன். விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் வி வடிவில் இருந்தால் காண்டாமிருக வண்டு. ஓலைமேல் கரி பூசியதுபோல் இருந்தால் அடியில் வெள்ளை ஈயைத் தேடுங்கள். குரும்பையின் காம்பை ஒட்டி முக்கோணமாகத் திட்டு தெரிந்தால் ஈரியோஃபைட் சிலந்தி. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் தஞ்சாவூர் வாடல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, ஓர் இணைப்பு. முகப்பில் இருந்து எந்த இடுகைக்கும் இரண்டே அழுத்தம். ஒவ்வொரு இடுகையில் இருந்தும் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரவும் ஓர் இணைப்பு உண்டு.

வெள்ளை ஈயைப் பற்றி மட்டும் சார் வெவ்வேறு காலத்தில் பல இடுகைகள் எழுதியிருந்தார். அவற்றில் எது முதன்மை என்று நாம் முடிவு செய்யாவிட்டால் கூகுள் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுக்கும், அது பெரும்பாலும் நமக்குப் பிடிக்காததாக இருக்கும். படங்களோடு இருந்த விரிவான இடுகையை முதன்மையாக்கி, மற்றவற்றின் முதல் பத்தியில் இருந்து அதற்கு இணைப்பு கொடுத்தோம்.

பிளாக்கரில் இருப்பவர்கள் இந்த வேலையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் முகவரியில் அதை எடுத்துக்கொள்ளாது. பிளாக்-போஸ்ட்_17 என்ற மாதிரி ஓர் எண்தான் வரும். முகவரியைப் பார்த்து எது எந்த இடுகை என்று கண்டுபிடிக்கவே முடியாது. இனி எழுதுவதற்கு, வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் சொந்த முகவரி கொடுத்துவிடுங்கள். அப்புறம் டாட் இன் விவகாரம். பிளாக்கர் தளங்களின் முகவரி பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று முடியும். 2012-ல் இந்தியாவில் அவற்றைத் திறந்தால் டாட் காம் தானாக டாட் இன் ஆகிவிடும் ஏற்பாடு வந்தது. முகவரிப் பட்டையில் இருந்து பிரதி எடுத்து உள் இணைப்பு கொடுத்தவர்கள் எல்லாம் டாட் இன் என்றே கொடுத்திருப்பார்கள். 2020-ல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டுப் போய் வேறு யாரோ பதிவு செய்துகொண்டார்கள். பழைய பதிவர்கள் தங்கள் வார்ப்புருவிலும் இடுகைகளிலும் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. உள் இணைப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பது முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வழி காட்டிக்கொண்டிருக்கலாம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். "தென்னை வெள்ளை ஈ" என்று பொதுவாகத் தேடினால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளம்தான் இன்றும் முன்னால் நிற்கிறது. அதை சாரின் பிளாக்கர் தாண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஓலையில் கரும்பூசணம் போக என்ன அடிப்பது, மஞ்சள் பொறியில் எந்த எண்ணெய் தடவுவது என்று குறுகலாகக் கேட்கும் தேடல்களில் சார் தெரிய ஆரம்பித்தார். அட்டவணையில் இல்லாமல் கிடந்த இடுகைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஒரு இடுகைக்கு வந்தவர் இன்னொன்றையும் படித்துவிட்டுப் போவது கூடியது. சாருக்கு அதில்தான் சந்தோஷம். உள் இணைப்பால் மட்டும் ஒன்றுமில்லாத பக்கத்தைத் தூக்கி நிறுத்த முடியாது. இவர் பக்கங்களில் விஷயம் இருந்தது, அதனால் வேலை செய்தது.

பாதியில் ஒரு சிக்கலும் வந்தது. பழைய இடுகைகளுக்கு வழி திறக்கத் திறக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சிவப்புக் கூன்வண்டுக்குக் கார்பரில், தஞ்சாவூர் வாடலுக்கு டிரைடிமார்ஃப் என்று எழுதிய இடுகைகள் இருந்தன. எழுதிய காலத்தில் அவை பரிந்துரையில் இருந்த மருந்துகள். 2018-ல் மத்திய அரசு இரண்டையும் தடை செய்துவிட்டது. இணைப்பு கொடுத்து அந்தப் பக்கங்களை மேலே தள்ளினால், தடை செய்த மருந்தைக் கேட்டுக்கொண்டு ஒருவர் உரக்கடைக்குப் போய் நிற்பார். அழித்துவிட்டு, பிளாக்கர் அமைப்பில் இருக்கும் வழிமாற்று வசதியால் புதிய இடுகைக்குத் திருப்பிவிடலாம் என்றேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. "அன்னைக்கு என்ன சொன்னோம்ங்கிறது இருக்கட்டுங்க தம்பி. நாளைக்கு யாராவது பார்க்கணுமில்லீங்களா."

அதனால் அழிக்கவில்லை. அந்த இடுகைகளின் தலையில், தடை வந்த ஆண்டைச் சொல்லி, சிவப்பு எழுத்தில் இரண்டு வரி வைத்தார். கூடவே இன்றைய பரிந்துரை உள்ள இடுகைக்கு ஓர் இணைப்பு. தளத்தின் மற்றப் பக்கங்களில் இருந்து பழைய இடுகைகளுக்குப் போய்க்கொண்டிருந்த இணைப்புகளை எடுத்துப் புதியவற்றுக்கு மாற்றினோம். பயறு, மஞ்சள் இடுகைகளில் இந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. எந்த மருந்து இன்று அனுமதியில் இருக்கிறது என்று சார் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்த பிறகுதான் அவற்றுக்கு இணைப்பு வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.